ரோஜாச் செடிக்கு மருந்து கேட்டு வருபவருக்கு நாம் எதை விற்கிறோம்?

கடைக்கு வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாதே என்பது வாப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் வியாபாரப் பாடம். கண்டி மாவட்டத்தின் ஒரு சிறு நகரத்தில் அவர் தொடங்கிய ஹாட்வெயார் கடையைத்தான் இன்று நான் நடத்துகிறேன். ஆணி, பெயின்ற், குழாய் ஆகியவற்றோடு ஒரு பக்கத்தில் விதை, பசளை, பூச்சி மருந்து, பூச்சாடி, வாசலில் கொஞ்சம் பூக்கன்றுகள் என்று கடை நடக்கிறது. வாப்பாவின் பாடத்தை நானும் தவறாமல் கடைப்பிடித்தேன். ஆனால் அதைத் தவறாக விளங்கிக் கடைப்பிடித்தேன் என்பதை உணர்த்தியது ஒரு ரோஜாத் தோட்டம்.

2019ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர். வீட்டு முற்றத்தில் நாற்பது ரோஜாச் செடிகள் வரை வைத்திருந்தார்.

"மகன், மொட்டெல்லாம் பச்சைப் பேன் பிடிச்சிருக்கு. நல்ல மருந்து ஒண்டு தாங்க" என்றார்.

நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இருந்தவற்றில் ஆகக் கடுமையான மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அதில்தான் எனக்கு இலாபமும் அதிகம். இரண்டு நாளில் பேன் எல்லாம் செத்துவிட்டதாகத் தொலைபேசியில் நன்றி வேறு சொன்னார்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்தார். கையில் ஒரு கொப்பு. இலைகள் பச்சை நிறம் போய்ச் செம்பு நிறமாகியிருந்தன. அடியில் மெல்லிய நூலாம்படை. "பேன் போச்சு மகன், இப்ப இது வந்திருக்கு. இன்னொரு போத்தல் தாங்க" என்றார். நான் அதே மருந்தில் இன்னொரு போத்தலை எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன். காசைக் கொடுத்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "இந்தப் பூ இதழைக் காய வச்சு சர்பத்துக்குப் போடுறனான். பேரப் பிள்ளைகளும் குடிக்கிறவங்க. கழுவிப் போட்டால் காரியமில்லைதானே?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. அதுவரை அந்தப் போத்தலின் லேபலை நான் முழுதாக வாசித்ததே இல்லை. அன்றுதான் வாசித்தேன். அது செடியின் சாற்றோடு கலந்து இலை, மொட்டு, இதழ் என்று எங்கும் பரவும் வகை மருந்து. வெளியே கழுவினால் போகாது. போத்தலைத் திருப்பி வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தேன். ஆனால் முதல் போத்தல் ஏற்கெனவே செடிக்குள் போய்விட்டதே! அந்த மாதம் பறித்த இதழ்களையெல்லாம் வீசிவிடச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. "உங்களை நம்பித்தானே மகன் வாங்கினேன்" என்ற ஒரு வார்த்தையோடு போய்விட்டார். ஒரு வருடத்துக்கு மேல் என் கடைப் பக்கம் வரவேயில்லை.

பொருளின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நான் குறையை மறைக்கவில்லை. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஆனால் தான் விற்கும் பொருளைத் தானே அறியாமல் விற்பதும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை என்பதே எனது கருத்து.

பூச்சியைத் தெரியாமல் மருந்தா?

அந்தச் சம்பவத்தின் பின்னர்தான் என்ன நடந்தது என்று தேடத் தொடங்கினேன். மொட்டில் இருந்த பச்சைப் பேன் அழுக்கணவன் எனப்படும் பூச்சி. இலையைச் செம்பு நிறமாக்கியது செஞ்சிற்றுண்ணி. அது பூச்சி இனமே அல்ல. எட்டுக் கால்களைக் கொண்ட, சிலந்தியின் உறவு. பூச்சிக்கான பல மருந்துகள் அதைக் கொல்வதில்லை. ஆனால் அதைத் தின்று வாழும் வண்டுகளையும் நல்ல உண்ணிகளையும் அதே மருந்து கொன்றுவிடுகிறது. காவற்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்ததுபோல, நான் விற்ற போத்தல்தான் சிற்றுண்ணிக்கு வழி செய்து கொடுத்திருக்கிறது. அதற்கு மருந்தாக நான் மீண்டும் அதே போத்தலைச் சுற்றியிருக்கிறேன்!

அழுக்கணவன் பெருகும் வேகம் பயங்கரமானது. பெண் பூச்சி ஆண் துணையில்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கும். அப்படியானால் உலகம் முழுவதும் அழுக்கணவனாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லாததற்குக் காரணம் அதன் எதிரிகள். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளியுள்ள சின்ன வண்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் புழு, வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அழுக்கணவனைத் தின்றுவிடும். முதலை போன்ற வடிவமுள்ள அந்தக் கறுப்புப் புழுவை இன்னொரு பீடை என்று நினைத்து நசுக்கி விடுபவர்களே அதிகம். நானும் நசுக்கியிருக்கிறேன்.

பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்குவது நமது நாட்டுக்குப் புதிய விடயமும் அல்ல. மலையகத்தில் தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவி கொண்டுவந்து விடப்பட்டது. புழுவின் உடலுக்குள் முட்டையிடும் அந்தக் குளவியால்தான் அது கட்டுக்குள் வந்தது. 2008இல் பப்பாசி மரங்களில் வெள்ளைப் பஞ்சுபோல ஒரு பூச்சி மேல்மாகாணத்திலிருந்து பரவியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கும் 2009இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சின்னக் குளவியே தீர்வாயிற்று. ஏக்கர் கணக்கான தேயிலையில் பலித்தது, முற்றத்து ரோஜாவில் பலிக்காதா?

2021 தந்த பாடம்

படித்ததைச் செய்து பார்க்கும் கட்டாயம் 2021இல் வந்தது. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை, விவசாய இரசாயனங்கள் ஆகியவற்றின் இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்படுவதற்கிடையில் எத்தனை விவசாயிகள் எவ்வளவு நட்டப்பட்டார்கள் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடன் கொடுத்த வியாபாரிகளும் சேர்ந்தே நட்டப்பட்டோம். ஆயத்தமில்லாமல், ஒரே இரவில் முழு நாட்டையும் சேதனப் பசளைக்கு மாறச் சொன்னது பெரும் தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்தத் தோல்வியைக் காட்டி, "இயற்கை முறையெல்லாம் வெறும் பேச்சு" என்று முடிவு கட்டுவதும் தவறே. நெல் வயலையும் வெலிமடை உருளைக்கிழங்கையும் வீட்டு ரோஜாவோடு ஒப்பிட முடியாது. அங்கே விளைச்சல் குறைந்தால் குடும்பம் கடனில் விழும். வீட்டு ரோஜாவில் நாலு இலையில் ஓட்டை விழுந்தால் யாருக்கும் நட்டமில்லை. கூடவே அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பூவை முகர்கிறார்கள், இதழைச் சமையலுக்கு எடுக்கிறார்கள். இயற்கை முறை முதலில் வரவேண்டிய இடம் வீட்டு முற்றம்தான்.

எனது இறாக்கைகள் வெறுமையாக இருந்த அந்த மாதங்களில், கடை வாசலில் விற்பனைக்கு இருந்த ரோஜாக் கன்றுகளைக் காப்பாற்ற எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. செய்து பார்த்ததில் நிலைத்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்று விற்கும் சகோதரர்களுக்கும், வீட்டில் செடி வளர்ப்போருக்கும் உதவும்.

செலவில்லாத வைத்தியம்

முதல் மருந்து தண்ணீர். அழுக்கணவனும் சிற்றுண்ணியும் இருப்பது மொட்டின் கழுத்திலும் இலையின் அடியிலும். காலையில் குழாயால் சற்று வேகமாக, கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்தால் பெரும்பகுதி விழுந்துவிடும். விழுந்த அழுக்கணவன் திரும்பி ஏறி வருவது அரிது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரம் தொடர வேண்டும். காலையில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இலை பல மணிநேரம் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் பிடிக்கும். காலையில் அடித்தால் வெயிலில் காய்ந்துவிடும். மாலையில் அடித்தால் இரவு முழுவதும் ஈரம் நிற்கும். வழமையாக ஊற்றும் தண்ணீரைச் செடியின் அடியில்தான் ஊற்ற வேண்டும். கரும்புள்ளி விழுந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்தாவிட்டால் அடுத்த மழைக்கு அதிலிருந்தே நோய் ஏறும்.

இரண்டாவது, எறும்பைக் கவனியுங்கள். ரோஜாத் தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அழுக்கணவனோ செதில் பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றை மாடு வளர்ப்பதுபோல வளர்க்கிறது. தின்ன வரும் வண்டுகளைக் கடித்துத் துரத்துகிறது. எறும்பு ஏறும் வழியைத் தடுத்தால் வண்டு தன் வேலையைப் பார்க்கும். பூச்சாடியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு கல்லை வைத்து அதன்மேல் நிறுத்தினாலே போதும். தட்டில் நுளம்பு முட்டையிடாதபடி தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

மூன்றாவது, யூரியாவில் கை அடக்கம் வேண்டும். "செடி செழிக்கட்டும்" என்று யூரியாவை அள்ளிப் போட்டால் மெதுமெதுவென்று இளந்தளிர் தள்ளும். அழுக்கணவனுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. பசளையை அதிகம் விற்று, அதனால் வந்த பூச்சிக்கு மருந்தும் விற்பது நமக்கு இரட்டை இலாபமாகத் தெரியலாம். வாடிக்கையாளருக்கு அது இரட்டை நட்டம்.

இவற்றுக்கும் அடங்காவிட்டால்தான் வேப்பெண்ணெய். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், அதாவது ஒரு தேக்கரண்டி. எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் முதலில் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில துளி திரவச் சவர்க்காரத்தோடு சேர்த்துக் கலக்கி, பிறகு மிகுதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி விசிற வேண்டும். வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். உச்சி வெயிலில் எண்ணெய் பட்ட இலையும் கருகும். வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. கரைத்ததை அன்றே முடித்துவிட வேண்டும். முதலில் ஒரு கொப்பில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடிப்பது புத்தி.

வேம்பு அடித்த மறுநாளே பூச்சி செத்து விழாது. அது பூச்சியின் பசியைக் கெடுக்கிறது. தோல் கழற்றி வளரவிடாமல் தடுக்கிறது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று மூன்றாம் நாளே வந்து சண்டை பிடிப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு.

தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் செதில் பூச்சியைப் பழைய பல் தூரிகையைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுக்கலாம். மொட்டு விரியாமல் இதழோரம் பழுப்பானால் உள்ளே பேன் இருக்கும். அந்த மொட்டைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். இரவில் இலையைக் கடித்துத் தின்னும் வண்டுக்கு எந்த மருந்தும் வேண்டாம். டோர்ச் ஒன்றும் சவர்க்காரத் தண்ணீர் நிறைந்த ஒரு வாளியும் போதும்.

ஊருக்கேற்றபடியும் யோசிக்க வேண்டும். ஏப்ரலில் நுவரெலியா போய், 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவில் ரோஜாக்களைப் பார்த்துவிட்டு, அதே போல வளர்க்க ஆசைப்பட்டுக் கன்று வாங்கிக்கொண்டு கிழக்குக்கும் புத்தளத்துக்கும் போகிறவர்கள் உண்டு. குளிர்ந்த ஈரமான ஊரில் கரும்புள்ளி எதிரி. வரண்ட வெயில் ஊரில் சிற்றுண்ணி எதிரி. ஊரைக் கேட்காமல் கன்றும் விற்கக்கூடாது, மருந்தும் விற்கக்கூடாது.

இயற்கை என்றால் எல்லாம் நல்லதா?

இன்று "இயற்கை" என்ற சொல்லே ஒரு வியாபாரச் சரக்காகிவிட்டது. அதிலும் நாம் அவதானமாக இருக்க வேண்டும். புகையிலையை அவித்த தண்ணீரை அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். புகையிலையும் இயற்கைதான், ஆனால் அதிலுள்ள நிக்கொட்டின் மனிதனுக்கும் கடும் விஷம், தோலாலும் உள்ளே போகும். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வேப்பெண்ணெய், சவர்க்காரத் தண்ணீர்கூட நல்ல வண்டின் மேல் நேரடியாகப் பட்டால் அதற்கும் கேடுதான். பூச்சி உள்ள இடத்தில் மட்டும் அடிக்க வேண்டும். உடுப்புக் கழுவும் தூளைக் கரைத்து அடித்து இலையைக் கருக்கியவர்களும் உண்டு.

இன்னொன்று. உள்ளி, மிளகாய் அரைத்துப் போத்தலில் அடைத்து "இயற்கைப் பூச்சி மருந்து" என்று லேபல் ஒட்டி விற்கலாமா என்று சில இளைஞர்கள் என்னிடம் கேட்டார்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பீடைகொல்லி என்று சொல்லி விற்கும் எதுவும் பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டுக்குச் செய்து பாவிப்பது வேறு, விற்பது வேறு. வேப்பெண்ணெய் விற்பதானாலும் பதிவுள்ளதைப் பார்த்தே கொள்வனவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். நான் அடிக்கடி அழைக்கிறேன். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

கணக்குப் பார்ப்போம்

"தண்ணீர் அடியுங்கள், மொட்டைக் கிள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் கடை எப்படி ஓடும்?" என்று பக்கத்துக் கடை நானா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

எனது அனுபவம் இது. மருந்துப் போத்தல் வாங்கியவரின் செடி செத்தால் அவர் செடி வளர்ப்பதையே விட்டுவிடுகிறார். போத்தல் மட்டுமல்ல, சாடி, மண், கூட்டெரு, கத்தரிக்கோல், அடுத்த கன்று அனைத்தும் அதோடு போய்விடுகின்றன. செடி பிழைத்தவரோ பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார். என் கடையில் கடும் மருந்தின் விற்பனை குறைந்தது உண்மை. தோட்டப் பகுதியின் மொத்த விற்பனை குறையவில்லை. விசிறும் போத்தலும் வேப்பெண்ணெயும் கூட்டெருவும் கன்றும் அந்த இடத்தை நிரப்பிவிட்டன. அதைவிடப் பெரிது, ஒரு கொப்பை ஒடித்துக் கையில் எடுத்துக்கொண்டு "இது என்னண்டு பாருங்க" என்று வருபவர்களின் தொகை. அப்படி வருபவர் விலை கேட்டு நாலு கடை ஏறி இறங்குவதில்லை.

இரசாயன மருந்தை நான் இன்னும் விற்கிறேன். மரக்கறித் தோட்டக்காரருக்கு அது தேவைப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் மூன்று கேள்வி கேட்காமல் போத்தலை எடுப்பதில்லை. எந்தப் பூச்சி? எந்தச் செடி? அதன் பூவையோ இலையையோ காயையோ யாராவது வாயில் வைப்பார்களா? இந்த மூன்றாவது கேள்வியை ரோஜாவுக்குக் கேட்க வேண்டும் என்று எனக்கு முன்பு தோன்றியதே இல்லை. சர்பத்துக்கும் பலூதாவுக்கும் கலியாண வீட்டுத் தட்டுக்கும் ரோஜா இதழ் போகின்ற நமது வீடுகளில் அது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. கடையில் வாங்கிய புதுக் கன்றின் பூவைக்கூட உடனே உணவுக்கு எடுக்க வேண்டாம், அது வளர்ந்த இடத்தில் என்ன அடித்தார்களோ தெரியாது என்று நானே சொல்லி அனுப்புகிறேன். விற்பனைக்கு வைக்கும் கன்றுகளின் இலையைப் புரட்டிப் பார்த்த பிறகே வெளியே எடுக்கிறேன். கன்றோடு சேர்த்துப் பூச்சியையும் விற்றுவிட்டு, அதற்கு மருந்தும் விற்பது வியாபாரமாகாது.

2021இன் கடைசியில் ஒரு நாள் அந்த ஆசிரியையின் வீட்டுக்கு நானே போனேன். நாற்பதில் பதினைந்து செடிகளே மிஞ்சியிருந்தன. வேப்பெண்ணெயும் விசிறும் போத்தலும் கொண்டுபோனேன். காசு வாங்கவில்லை. அடிக்கும் விதத்தை இலையைப் புரட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே மகன்" என்றார். "அப்ப எனக்கே தெரியாது டீச்சர்" என்றேன். சிரித்தார். இப்போது மீண்டும் கடைக்கு வருகிறார். சென்ற பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து ரோஜா இதழ் போட்ட சர்பத் ஒரு போத்தல் வந்தது. குடித்தோம்.

வாப்பா சொன்ன பாடம் சரியானதுதான். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஆனால் அந்தக் கையில் எப்போதும் ஒரு போத்தல்தான் இருக்க வேண்டும் என்று வாப்பா ஒருபோதும் சொல்லவில்லை.